நீலவரி ஸ்னாப்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலவரி ஸ்னாப்பர் என்பது எந்த மீன்?

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் பவளப்பாறைகளைச் சார்ந்து வாழும் மஞ்சள் நிற மீன் இது. அறிவியல் பெயர் லுட்ஜானஸ் காஸ்மிரா. உடலின் மேற்பகுதியும் துடுப்புகளும் எலுமிச்சை மஞ்சளாகவும், அடிவயிறு வெண்மையாகவும் இருக்கும். தலையில் தொடங்கி உடலின் பின்பகுதி வரை பளிச்சென்ற நீலத்தில் நான்கு கோடுகள் ஓடும். அவற்றுக்குக் கீழே, வெண்மையான வயிற்றுப் பகுதியில், கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் மெல்லிய சாம்பல் கோடுகளும் உண்டு. இந்தச் சாம்பல் கோடுகளைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஆனால் ஒத்த தோற்றமுள்ள மீன்களிலிருந்து இதைப் பிரித்தறியும்போது அவை மிகவும் உதவும்.

அதிகபட்சமாக 40 செ.மீ. நீளம் வரை பதிவாகியிருந்தாலும், பொதுவாகக் காணக் கிடைப்பவை 25 செ.மீ. அளவிலானவையே. ஸ்னாப்பர் குடும்பத்துப் பெரிய மீன்களோடு ஒப்பிட்டால் இது சிறிய உருவந்தான்.

காஸ்மிரா என்ற பெயருக்கும் காஷ்மீருக்கும் தொடர்பு உண்டா?

ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு எதுவும் இல்லை. செங்கடற் கரையில் இம்மீனுக்கு வழங்கிய அரபுப் பெயரை ஒட்டியே அப்பெயர் அமைந்தது. அதைச் சூட்டியவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவரான இவர், டென்மார்க் அரசரின் ஆதரவில் 1761-இல் அரேபியாவை நோக்கிப் புறப்பட்ட ஆய்வுப் பயணத்தில் தாவரங்களையும் விலங்குகளையும் பதிவுசெய்யும் பொறுப்பில் இருந்தார். உள்ளூர் மக்கள் ஒரு மீனை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டறிந்து, அந்தப் பெயரையே அறிவியல் பெயராகவும் ஆக்கிவிடுவது அவருடைய வழக்கம். செங்கடல் மீன்கள் பலவற்றின் அறிவியல் பெயர்களில் இன்றும் அரபு ஒலிப்பதற்கு அதுவே காரணம்.

1763-இல் ஏமனில் மலேரியாக் காய்ச்சலால் அவர் இறந்தார். அந்தப் பயணக் குழுவில் உயிருடன் திரும்பியவர் கார்ஸ்டன் நீபுர் ஒருவர் மட்டுமே. நண்பர் விட்டுச்சென்ற குறிப்புகளை அவர்தாம் 1775-இல் பதிப்பித்தார். ஆகவே, இம்மீனுக்கு முறையான பெயர் கிடைத்தபோது அப்பெயரை வைத்தவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபோர்ஸ்கோல் மீன்களைப் பாதுகாத்த முறையும் சொல்லத்தக்கது. உடலை நெடுக்காக அறுத்து, ஒரு பக்கத்துத் தோலை மட்டும் உரித்து, இலைகளை உலர்த்தி ஒட்டுவதுபோலத் தாளில் அழுத்தி ஒட்டிவைத்தார். அவ்வாறு ஒட்டப்பட்ட மீன் தோல்கள் பல கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

அவர் இதைக் கத்தாழை மீன்களின் பேரினமான சயீனாவில் சேர்த்திருந்தார். பின்னர் இது லுட்ஜானஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. முறையான பட்டியல்களில் ஃபோர்ஸ்கோல், 1775 என்பது அடைப்புக்குறிக்குள் எழுதப்படுவது இதனால்தான். பேரினம் பிற்பாடு மாறியது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம்.

ஸ்னாப்பர் என்றால் என்ன? தமிழில் அதற்குப் பெயர் இல்லையா?

பிடிபட்ட மீன் தாடைகளைப் படக்கென்று மூடிக் கடிப்பதால் இந்தப் பெயர் வந்தது. மேல்தாடையின் முன்புறத்தில் உள்ள கோரைப் பற்களைப் பார்த்தவர்கள் இப்பெயரைக் குறை சொல்லமாட்டார்கள். லுட்ஜானிடே எனப்படும் இக்குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. குடும்பத்துக்குப் பெயர் தந்த லுட்ஜானஸ் என்னும் பேரினத்தை 1790-இல் நிறுவியவர் பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக். அச்சொல் மலாய் மொழியில் வழங்கிய மீன் பெயர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. எனவே இம்மீனின் முழுப் பெயரில் முதற்பாதி மலாய், பிற்பாதி அரபு. லத்தீன் உடை மட்டும் மேலே போர்த்தப்பட்டுள்ளது.

தமிழில் செப்பிலி, சங்கரா ஆகிய பெயர்கள் ஸ்னாப்பர்களுக்கு வழங்குகின்றன. ஆனால் ஒரே பெயர் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மீன்களைக் குறிப்பதால், குழப்பம் நேராதிருக்க இங்கே ஸ்னாப்பர் என்ற சொல்லே எடுத்தாளப்படுகிறது. நீலவரி என்பது தோற்றத்தைச் சொல்லும் அடைமொழி மட்டுமே.

இது எங்கெல்லாம் வாழ்கிறது?

மேற்கே செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கி, கிழக்கே பசிபிக்கின் நடுவிலுள்ள மார்க்கெசஸ் தீவுகள், லைன் தீவுகள் வரையிலும், வடக்கே தென் ஜப்பான் வரையிலும், தெற்கே ஆஸ்திரேலியக் கடற்பகுதி வரையிலும் இதன் இயற்கையான பரப்பு விரிந்துள்ளது. ஹவாய்த் தீவுகளிலும் இது ஏராளமாக உண்டு. ஆனால் அங்கே அது தானாகச் சென்று சேரவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

மூன்று மீட்டர் ஆழமுள்ள கடற்கழிப் பவளத்திட்டுகளிலும் இதைக் காணலாம், பாறைச் சரிவின் வெளிப்புறத்தில் மிக ஆழத்திலும் காணலாம். 265 மீட்டர் ஆழம் வரை இது பதிவாகியுள்ளது. சூரிய ஒளி ஏறக்குறைய அற்றுப்போகும் அந்த ஆழத்திலும் கண்ணைப் பறிக்கும் இந்த மஞ்சள் மீன் வாழ்கிறது என்பதை, அழகான பவளத்தோட்டப் படங்களில் மட்டுமே இதைப் பார்த்துப் பழகியவர்கள் எளிதில் எண்ணிப்பார்ப்பதில்லை. இளங்குஞ்சுகளைக் கடற்புல் வெளிகளிலும் தனித்தனியாகக் கிடக்கும் சிறு பவளத்திட்டுகளின் ஓரங்களிலும் பார்க்கலாம்.

மஞ்சள் உடலில் நீலக் கோடுகள் கொண்ட எல்லா மீன்களும் இதுதானா?

இல்லை. இம்மீனைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. நீலக் கோடுள்ள மஞ்சள் ஸ்னாப்பர்கள் பல உள்ளன. அவை ஒரே பாறையில், சில வேளைகளில் ஒரே கூட்டத்திலேயே கலந்து நிற்பதும் உண்டு.

வங்காள ஸ்னாப்பர் எனப்படும் லுட்ஜானஸ் பெங்காலென்சிஸ் இதைப் போலவே நான்கு நீலக் கோடுகள் உடையது. ஆனால் அதன் வயிறு கோடுகளே இல்லாத தூய வெண்மை. லுட்ஜானஸ் குவின்குவிலினியேட்டஸ் என்ற இனத்தில் கோடுகள் ஐந்து. பக்கவாட்டில், முதுகுத்துடுப்பின் மென்கதிர்ப் பகுதிக்குக் கீழே, வட்டமான கரும்புள்ளி ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் வாழும் லுட்ஜானஸ் நோட்டேட்டஸில் ஐந்து அல்லது ஆறு கோடுகள் உண்டு. இவை போதாவென்று, அரபிக்கடலில் ஓமன், சோமாலியா கரைகளை ஒட்டி வாழும் லுட்ஜானஸ் சஃபைரோலினியேட்டஸ் என்ற இனம் 2016-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இருநூற்று நாற்பது ஆண்டுகளாகப் பெயரிட்டு வந்த கூட்டத்தில் இன்னும் பெயரிடாத ஒன்று இருந்திருக்கிறது என்றால், பார்த்தவுடன் இனத்தைச் சொல்லிவிடுபவர்களைச் சற்று ஐயத்தோடு கேட்பதே நல்லது.

கோடுகளை எண்ணுவது நல்ல தொடக்கம், அது முடிவாகாது. கரும்புள்ளியும் உறுதியான சான்று அன்று, ஏனெனில் நீலவரி ஸ்னாப்பரிலும் சில மீன்களில் அது மங்கலாகத் தெரிவதுண்டு. மீன் இறந்தபின் நிறங்கள் வெளிறும். பாதுகாப்புத் திரவத்தில் இட்டபின் மஞ்சளும் நீலமும் இருந்த சுவடே மாறிவிடும். முட்கள் அப்படி மாறுவதில்லை. முதுகுத்துடுப்பை விரலால் மெல்ல நிமிர்த்தி, முன்பகுதியில் உள்ள கடினமான முட்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். நீலவரி ஸ்னாப்பரில் அவை பத்து. அவற்றை அடுத்து, வளையக்கூடிய, நுனி பிரிந்த மென்கதிர்கள் 14 அல்லது 15 வரும். வங்காள ஸ்னாப்பரில் முட்கள் 11 அல்லது 12. எண்ணும்போது முதல் முள் மிகக் குட்டையாக இருப்பதால் அதைத் தவறவிட்டுவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அந்த ஒரு முள்ளை விட்டுவிட்டால் பதினொன்று பத்தாகி, வங்காள ஸ்னாப்பர் நீலவரி ஸ்னாப்பராகிவிடும்.

கன்னத்தில் மற்றோர் அடையாளமும் உண்டு. கண்ணுக்குப் பின்னால், செவுள்மூடிக்கு முன்னுள்ள எலும்பின் விளிம்பைத் தடவிப்பார்த்தால் ஆழமான வெட்டு ஒன்று விரலில் படும். அதற்கு எதிரே, அந்த வெட்டில் பொருந்துவதுபோல ஒரு புடைப்பு இருக்கும். லுட்ஜானஸ் பேரினத்தில் பல இனங்களில் இந்த வெட்டு லேசானது அல்லது இல்லவே இல்லை. நீலக் கோட்டு இனங்களில் அது தெளிவாக இருக்கும். எனவே இந்த அடையாளம் நீலக் கோட்டுக் கூட்டத்தை மற்ற ஸ்னாப்பர்களிடமிருந்து பிரிக்க உதவும். கூட்டத்துக்குள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்க உதவாது.

இவ்வளவு பளிச்சென்ற நிறம் பகைவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடாதா?

நமக்குப் பளிச்சென்று தெரிவது, நாம் நல்ல வெளிச்சத்தில், அருகிலிருந்து, மனிதக் கண்ணால் பார்ப்பதால். கடலுக்கடியில் நிலைமை வேறு. மஞ்சளும் நீலமும் ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள் என்பதால், அருகிலுள்ள கூட்டாளிக்குக் கோடுகள் மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் மீன்களின் கண்கள் நுண்ணிய கோடுகளைத் தொலைவிலிருந்து பிரித்துப்பார்க்கும் திறனில் நம் கண்களுக்கு ஈடாகா. சில மீட்டர் தள்ளிப் போனதும் நீலமும் மஞ்சளும் பகைமீனின் கண்ணில் ஒன்றோடொன்று கலந்து, சூழ்ந்துள்ள நீரின் வெளிறிய பின்னணியோடு இசைந்துபோகும். பவள மீன்களின் பார்வையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜஸ்டின் மார்ஷல் இந்தக் கருத்தை விளக்கியுள்ளார். அதன்படி ஒரே நிறக்கோலம் அருகில் அடையாளச் சீட்டாகவும் தொலைவில் ஒளிந்துகொள்ளும் உடையாகவும் பயன்படுகிறது.

கூட்டமாக நிற்கும்போது கோடுகளுக்கு மற்றொரு பயனும் இருக்கக்கூடும். நூறு மீன்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நகரும்போது, ஒரு மீனின் உடல் எங்கே முடிகிறது, அடுத்ததன் உடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பற்றிக்கொள்வது கடினம். தாக்க வரும் மீன் ஏதேனும் ஒன்றைக் குறிவைத்தாக வேண்டும். கோடுகளின் கலவையில் அந்த ஒன்று நழுவிக்கொண்டே இருக்கும்.

பகல் முழுவதும் இவை ஒரே இடத்தில் கூட்டமாக நிற்பது ஏன்?

ஏனெனில் பகல் இவற்றுக்கு ஓய்வுப் பொழுது. முக்குளிப்பவர்கள் வியந்து படமெடுக்கும் அந்த மஞ்சள் கூட்டம், உண்மையில் வேலை நேரம் தொடங்கக் காத்திருக்கும் கூட்டம். பாறை முகடு, குகை வாய், மூழ்கிய கப்பலின் மறைவு போன்ற ஒரு கெட்டியான அடையாளத்தை ஒட்டி, சில பத்துகளிலிருந்து பல நூறு வரையிலான மீன்கள், நீரோட்டத்துக்கு எதிர்முகமாக, வாலை மட்டும் லேசாக அசைத்து நிற்கும். அந்நேரத்தில் அவை பெரும்பாலும் உண்பதில்லை.

மாலையில் வெளிச்சம் குறையக் குறைய, கூட்டத்தின் ஒழுங்கு தளர்கிறது. ஓரத்தில் நிற்பவை முதலில் விலகுகின்றன. பிறகு சிறு சிறு அணிகளாகப் பாறையை விட்டு வெளியேறி, மணற்பரப்புகளையும் கடற்புல் வெளிகளையும் நோக்கிச் சென்று, இருட்டியபின் தனித்தனியே பிரிந்து இரை தேடுகின்றன. மணலில் உலாவும் நண்டுகள், இறால்கள், பிற ஓட்டுடலிகள், சிறு மீன்கள், கணவாய் வகைகள் ஆகியவையே முக்கிய உணவு. மிதவை உயிரிகளையும் உண்ணும். வயிற்றில் பாசித் துணுக்குகளும் காணப்பட்டுள்ளன. விடியலுக்கு முன்பாகத் திரும்பி, பெரும்பாலும் புறப்பட்ட அதே இடத்துக்கே வந்து சேர்கின்றன. ஹவாயின் கௌவாய்த் தீவிலுள்ள ஹனாலேய் விரிகுடாவில், இம்மீன்களில் ஒலி அனுப்பும் சிறு கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வும் இந்தத் தினசரிப் போக்குவரத்தை உறுதிசெய்தது.

இந்தப் போக்குவரத்தால் பவளப்பாறைக்கும் ஆதாயம் உண்டு. இரவில் மணல்வெளியில் உண்டவற்றின் கழிவைப் பகலில் பாறைக்கு மேலே நின்றபடி வெளியேற்றும் மீன்கள், சத்துக் குறைந்த வெப்பமண்டல நீரில், நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுமந்துவந்து சேர்க்கும் பணியைச் செய்கின்றன. ஆகவே இம்மீனின் இரைவெளியையும் சேர்க்காமல் பாறையை மட்டும் பாதுகாத்தால், அதன் வாழ்விடத்தில் பாதியைத்தான் பாதுகாத்ததாகும்.

கூட்டத்தில் சில மீன்களுக்கு மோவாயில் மீசை இருப்பதுபோல் தெரிகிறதே?

அவை ஸ்னாப்பர்களே அல்ல; நவரை மீன்கள். நவரைகள் பகலில் ஓய்வெடுக்கும்போது நீலவரி ஸ்னாப்பர் கூட்டத்தோடு சேர்ந்து நிற்பது பல இடங்களில் வழக்கம். இவற்றுள் ஓர் இனம் ஒரு படி மேலே போய், ஸ்னாப்பரின் உடையையே அணிந்துகொண்டிருக்கிறது. மார்க்கெசஸ், லைன் தீவுகளில் வாழும் மல்லாய்டிக்திஸ் மிமிக்கஸ் என்ற அந்த நவரை, மஞ்சள் உடலில் நீலக் கோடுகளோடு, ஸ்னாப்பர் கூட்டத்துக்குள் புகுந்து நின்றுவிடும். 1980-இல்தான் இது தனி இனமாகப் பெயர் பெற்றது. பெயரிலேயே போலி என்ற பொருள் இருக்கிறது. இரு கூட்டத்தாருக்கும் எண்ணிக்கை கூடுவதால் பாதுகாப்புக் கூடும் என்பதே இந்த ஒப்பனைக்குச் சொல்லப்படும் காரணம்.

வேறுபாட்டைக் காண இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். நவரைக்கு முதுகுத்துடுப்பு இரண்டு, அவற்றுக்கு நடுவே தெளிவான இடைவெளி. ஸ்னாப்பருக்கு நீண்ட ஒரே துடுப்பு. நவரையின் மோவாயில் இரண்டு தூண்டுமீசைகள் உண்டு. ஆனால் ஓய்வெடுக்கும்போது அவற்றைத் தொண்டைக்குக் கீழே மடித்து மறைத்துக்கொள்ளும் என்பதால், மீசை தெரியவில்லை என்று ஏமாந்துவிடக் கூடாது.

இனப்பெருக்கம் எவ்வாறு நிகழ்கிறது?

கூடு கட்டுவதோ, முட்டையைக் காப்பதோ இல்லை. நீரில் முட்டையையும் விந்தையும் கலந்துவிட்டுவிடும் முறைதான். முதிர்ச்சி அடையும் அளவு சுமார் 20 செ.மீ. மீன்காட்சியகத் தொட்டியில் கவனிக்கப்பட்டபடி, அந்தி வேளையில் ஓர் ஆண், பெண்ணின் பக்கவாட்டில் முகத்தால் தட்டியும் உரசியும் துரத்தத் தொடங்கும். பிறகு மற்ற ஆண்களும் சேர்ந்துகொள்ள, அந்தச் சிறு கூட்டம் சுழன்று சுழன்று மேலேறி, நீரின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே முட்டையையும் விந்தையும் ஒரே நேரத்தில் வெளியிடும்.

முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ளவை, நிறமற்ற சிறு கோளங்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் கழிவதற்குள் பொரிந்துவிடும். இளவுயிரிகள் சில வாரங்கள் திறந்த கடலில் மிதவை உயிரிகளோடு அலைந்து திரியும். அப்பருவத்தில் அவற்றின் முதுகிலும் வயிற்றுத் துடுப்பிலும் ரம்பம் போன்ற விளிம்புள்ள நீண்ட முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இத்தனை சிறிய உடலை விழுங்க வருபவற்றுக்கு அது தடை. பாறைக்கு வந்து தங்கியபின் அந்த நீண்ட முட்கள் சுருங்கி, மீன் நாம் அறிந்த வடிவத்தைப் பெறும்.

களவா மீன்களைப் போல இவையும் பால் மாறுமா?

மாறா. ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவுமே வாழ்நாள் முழுவதும் இருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

வயதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

தலைக்குள் உள்ள செவிக்கல்லை எடுத்து, மெல்லிய துண்டாக அறுத்து, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணுவார்கள். மரத்தின் ஆண்டு வளையம் போன்றதே இதுவும். நீளத்தை மட்டும் வைத்து வயதைக் கணிப்பது ஸ்னாப்பர்களில் பெரும்பாலும் தவறாக முடியும். ஏனெனில் இளமையில் வேகமாக வளர்ந்து, ஓர் அளவை எட்டியதும் பல ஆண்டுகள் ஏறக்குறைய அதே நீளத்தில் வாழ்பவை அவை. நீலவரி ஸ்னாப்பரின் நெருங்கிய உறவான ஐந்து கோட்டு இனத்தில், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 30 வயதைத் தாண்டிய மீன்கள் கண்டறியப்பட்டுள்ளன. உள்ளங்கை இரண்டை நீட்டிவைத்தால் அடங்கும் ஒரு மீனுக்கு அது வியப்பூட்டும் ஆயுள்.

இதை இரையாக்குபவை எவை?

களவா, பாரை, ஷீலா, சுறா ஆகியவையும், குடும்பத்துக்குள்ளேயே பெரிய ஸ்னாப்பர்களும். அந்தியிலும் விடியலிலும், கூட்டம் கலைந்து சேரும் பொழுதுகளில், ஆபத்து மிகுதி.

ஹவாய்த் தீவுகளுக்கு இது எப்படிச் சென்றது?

மனிதர்கள் கொண்டுசென்றார்கள். ஹவாய் எந்த நிலப்பரப்பிலிருந்தும் மிகத் தொலைவில் இருப்பதால், பசிபிக்கின் மற்ற பவளத்தீவுகளில் சாதாரணமாகக் காணப்படும் மீன்கள் பல அங்கே இயற்கையாக இல்லை. லுட்ஜானஸ் பேரினத்தில் ஓர் இனம்கூட அங்கே கிடையாது. ஆழம் குறைந்த நீரில் பிடித்து உண்ணத்தக்க ஸ்னாப்பர்களும் களவாக்களும் குறைவு என்பதைக் குறையாகக் கண்ட அங்குள்ள மீன்வளத் துறையினர், 1955-க்கும் 1961-க்கும் இடையே, பத்துக்கும் மேற்பட்ட இனங்களை வெளியிலிருந்து கொண்டுவந்து கடலில் விட்டனர். அவற்றுள் நன்கு நிலைபெற்றவை மூன்றே: நீலவரி ஸ்னாப்பர், லுட்ஜானஸ் ஃபுல்வஸ் என்ற மற்றொரு ஸ்னாப்பர், மயில்நிறப் புள்ளிகளுள்ள களவா ஒன்று. மற்றவை ஏறக்குறைய தடமின்றிப் போயின.

மார்க்கெசஸ் தீவுகளிலிருந்தும் சொசைட்டி தீவுகளிலிருந்தும் எடுத்துவரப்பட்ட நீலவரி ஸ்னாப்பர்கள் ஏறத்தாழ 3,200. ஓவாஹூத் தீவுக் கரையில் விடப்பட்ட அவை, தீவுக்குத் தீவு தாவி, 1992 வாக்கில், அதே தீவுத்தொடரில் ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவிலுள்ள மிட்வே பவளத்தீவை எட்டின. வளர்ந்த மீன்கள் அந்த ஆழ்கடல் இடைவெளிகளை நீந்திக் கடந்திருக்க வாய்ப்பில்லை. மிதந்து சென்ற இளவுயிரிகளின் வேலைதான் அது. பாலினேசிய மொழிகளில் வழங்கிய தாஆப்பே என்ற பெயரும் மீனோடு சேர்ந்தே ஹவாய்க்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு புதிர் எழும். தீவுக்கூட்டத்துக்குள் இவ்வளவு வேகமாகப் பரவத் தெரிந்த மீன், அதற்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளாக ஹவாயை எட்டாமல் இருந்தது ஏன்? தீவுக்குத் தீவு உள்ள இடைவெளி வேறு, ஹவாய்க்கும் தெற்கிலுள்ள தீவுகளுக்கும் நடுவே உள்ள திறந்த கடல் வேறு. அந்த நீண்ட பரப்பைக் கடக்க இளவுயிரிப் பருவத்தின் சில வாரங்கள் போதா. நீரோட்டங்களும் அந்தத் திசையில் உதவுவதில்லை. கப்பலில் கொண்டுவந்தது அந்த ஒரே தடையைத்தான் நீக்கியது. மற்றதை மீனே பார்த்துக்கொண்டது.

மரபியல் ஆய்வும் சுவையான செய்தியைச் சொல்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து நடுப் பசிபிக் வரை இம்மீனின் மரபணுக்கள் ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, மார்க்கெசஸ் மீன்கள் மட்டும் தெளிவாக வேறுபட்டவை. ஹவாயில் விடப்பட்டவற்றில் இருவகையும் இருந்தமையால், இயற்கையில் பிரிந்திருந்த இரு மரபுகளும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. சில ஆயிரம் மீன்களிலிருந்து பெருகிய கூட்டமாக இருந்தும் மரபணுப் பன்மை குறையவில்லை.

ஹவாயின் இயற்கை மீன்களுக்கு இதனால் கேடு நேர்ந்ததா?

நேர்ந்தது என்று மீனவர்கள் பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் அந்த அளவுக்குத் தீர்மானமாகப் பேசவில்லை. இயற்கை மீன்களின் குஞ்சுகளை இது தின்று அழிக்கிறது என்ற குற்றச்சாட்டு பழையது. ஆனால் வயிற்றுள்ளடக்கத்தை ஆராய்ந்தபோது நண்டு, இறால் போன்ற ஓட்டுடலிகளே மேலோங்கியிருந்தன. இடப் போட்டிக்குச் சான்று இருக்கிறது: பகலில் தரையை ஒட்டிய மறைவான இடத்தை ஸ்னாப்பர்கள் எடுத்துக்கொள்ள, அங்கே நிற்கவேண்டிய நவரைகள் சற்று மேலே, மறைவு குறைந்த நீர்ப்பகுதிக்குத் தள்ளப்படுவது கண்டறியப்பட்டுள்ளது. கூடவே ஒட்டுண்ணியும் வந்தது. ஸ்பைரோகமலேனஸ் இஸ்டிப்ளென்னி என்ற, குடலில் வாழும் உருளைப்புழு இம்மீன்களோடு வந்து ஹவாயின் இயற்கை மீன்களிலும் பரவியுள்ளது. கடலில் மீனை விட்டவர்கள் மீனைத்தான் எண்ணினார்கள், மீனுக்குள் இருந்ததை எண்ணவில்லை.

எதிர்பார்த்த ஆதாயமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. உடல் சிறியது, சந்தையில் மதிப்புக் குறைவு. மதிப்புமிக்க ஆழ்கடல் ஸ்னாப்பர்களுக்கு இட்ட தூண்டிலில் இது வந்து சிக்குவது பலருக்குத் தொல்லையாகவே இருந்தது.

இம்மீனை உண்பதால் நஞ்சேறும் ஆபத்து உண்டா?

பவளப்பாறைகளை ஒட்டி வளரும் நுண்பாசி ஒன்று உண்டாக்கும் சிகுவாடெரா நஞ்சு, உணவுச் சங்கிலி வழியாகப் பெரிய மீன்களின் உடலில் சேர்கிறது. சமைப்பதாலோ உறையவைப்பதாலோ அது அழியாது. சுவை, மணம், தோற்றம் எதிலும் தெரியாது. ஸ்னாப்பர் குடும்பத்தில் இதற்கு மிகவும் பேர்போனது லுட்ஜானஸ் போஹார் என்ற பெரிய சிவப்பு மீன். நீலவரி ஸ்னாப்பர் சிறியதாகவும் ஓட்டுடலிகளையே மிகுதியாக உண்பதாகவும் இருப்பதால் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவு. ஆயினும் நஞ்சு பதிவான பகுதிகளில் எந்தப் பாறை மீனுக்கும் முழு உறுதி தர இயலாது. அத்தகைய இடங்களில் உள்ளூர் எச்சரிக்கையே இறுதிச் சொல்.

இது அழிவின் விளிம்பில் உள்ளதா?

இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது குறைந்த அக்கறைக்குரிய இனம். பரந்த வாழிடமும் ஆழத்தில் கிடைக்கும் புகலும் இதற்குத் துணை. ஆனால் பவளப்பாறைகள் சிதைந்தால் பகல் ஒதுங்கிடமும், கடற்புல் வெளிகள் அழிந்தால் குஞ்சுகளின் வளரிடமும் குறையும்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

வளர்க்க முடியும், ஆனால் பொருத்தமில்லை. வாங்கும்போது விரல் நீளம் இருக்கும் குஞ்சு வேகமாக வளர்ந்து, வாய்க்குள் அடங்கும் எல்லாத் தொட்டித் தோழர்களையும் ஓர் இரவில் விழுங்கிவிடும். தனியாக வைத்தால் ஒளிந்தே வாழும். கூட்டமாக வைக்கப் பெரிய மீன்காட்சியகத் தொட்டிதான் வேண்டும்.

கடலுக்கடியில் எடுத்த படத்தை வைத்து இனத்தை உறுதிசெய்ய முடியுமா?

சரியான கோணத்தில் எடுத்திருந்தால் பெரும்பாலும் முடியும். கூட்டம் முழுவதையும் அடக்கிய படம் அழகாக இருக்கும், அடையாளத்துக்கு உதவாது. ஒரே மீனை நேர்ப்பக்கவாட்டில், வயிற்றின் கீழ்ப்பகுதி நிழலில் மூழ்காதவாறு எடுக்க வேண்டும். அப்போதுதான் சாம்பல் கோடுகள் இருப்பதும் இல்லாததும் தெரியும். ஓய்வில் நிற்கும் மீன் முதுகுத்துடுப்பை மடித்தே வைத்திருக்கும். வேறொரு மீன் நெருங்கி உரசும்போது ஒரு நொடி அதை விறைப்பாக நிமிர்த்தும். முட்களை எண்ணத்தக்க படம் அந்த நொடியில் கிடைக்கும்.